ஐரோப்பாவின் இயற்கை மஸ்ஸல் அறுவடை: எண்களை ஏமாறாமல் படிப்பது எப்படி

ஐரோப்பாவில் கடலில் தானாக விளையும் மஸ்ஸல் சிப்பி அள்ளுவது வருடா வருடம் குறைகிறது என்று சொல்லும் கிராஃப் ஒன்று கண்ணில் பட்டால், கோடு கீழே இறங்குவதைப் பார்த்த மாத்திரத்தில் சிப்பி அழிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த ஒற்றைக் கோட்டுக்குள் டென்மார்க்கில் மூச்சுத் திணறும் ஒரு நீர்ப்பரப்பும், நெதர்லாந்தில் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பும், பிரான்சில் சில வருடம் விளைந்து சில வருடம் காலியாகக் கிடக்கும் படுகைகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கதைகள். சேர்த்துக் கூட்டினால் கிடைக்கும் எண் கணக்குப்படி சரியாகவே இருக்கும், ஆனால் அதை வைத்து எதையும் புரிந்துகொள்ள முடியாது.

மீன்வளம் படிக்கிறவர்கள், இதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறவர்கள், ஐரோப்பாவில் இருந்துகொண்டு தட்டில் வருவது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எல்லாருக்கும் உதவும்படி, தரவை எங்கே எடுப்பது, எப்படிப் பிரிப்பது, எங்கே வழுக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன். எக்செல் தெரிந்தால் போதும், பெரிய கணக்கு எதுவும் இல்லை.

முதலில், எது "இயற்கை" என்று நீங்களே முடிவு செய்யுங்கள்

எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மஸ்ஸல் வளர்ப்பு என்றதும் பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்துத் தீனி போட்டு வளர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் வளர்க்கும் மஸ்ஸலில் ஏறக்குறைய எல்லாமே கடலில் தானாகப் பிறந்த குஞ்சிலிருந்துதான் வருகிறது. தீனி போடுவதும் கிடையாது, நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்று அதுவே வளர்ந்துகொள்கிறது. அதனால் இயற்கை எங்கே முடிகிறது, வளர்ப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் கோடு போட்டுப் பிரிக்கிறது.

சந்தேகமே இல்லாமல் இயற்கை அறுவடை என்று சொல்லக்கூடியது, படுகையில் வளர்ந்த சிப்பியை எடுத்து நேராகச் சாப்பிட விற்பது. வடக்கு வேல்ஸில் கான்வி ஆற்று முகத்துவாரத்தில் இதை இன்னும் கையால் செய்கிறார்கள். சிறு படகில் நின்றபடி, நீண்ட கம்பு மாட்டிய வாரியைத் தண்ணீருக்குள் இறக்கி, அடியில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் சிப்பியை வாரி மேலே இழுப்பார்கள். மேலே வந்ததைச் சல்லடையில் சலித்துச் சிறியதைப் பிரித்துத் திரும்ப விட்டுவிட்டு, பெரியதை மட்டும் புறஊதாக் கதிரில் சுத்தம் செய்த கடல்நீர்த் தொட்டியில் 42 மணி நேரம் வைத்திருந்து விற்பனைக்கு அனுப்புவார்கள். இது சின்ன அளவில் நடப்பது. இதையே பெரிய அளவில், படகின் பின்னால் டிரெட்ஜ் என்ற இரும்புச் சட்டப் பையைக் கட்டி இழுத்துச் செய்வது டென்மார்க்கின் லிம்ஃபியோர்டிலும் பிரான்சின் பார்ஃப்ளூரிலும் நடக்கிறது.

அடுத்த வகை கொஞ்சம் சிக்கலானது. நெதர்லாந்து, ஜெர்மனி, அயர்லாந்து, வேல்ஸின் மெனாய் நீரிணை ஆகிய இடங்களில் இயற்கைப் படுகையிலிருந்து குஞ்சுச் சிப்பியை டிரெட்ஜ் போட்டு எடுத்து, குத்தகைக்கு எடுத்த வேறொரு கடலடி நிலத்தில் கொட்டி, ஒன்றிரண்டு வருடம் வளரவிட்டுப் பிறகு அறுவடை செய்கிறார்கள். பிடித்தது இயற்கையிலிருந்து, ஆனால் விற்கும்போது கணக்கில் ஏறுவது வளர்ப்பு என்று. ஐரோப்பிய ஒன்றியக் கடைகளில் மீன்பொருளின் லேபிளில் பிடித்ததா வளர்த்ததா என்று போட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் 1379ஆம் எண் ஒழுங்குமுறை. அந்த லேபிளிலும் இது வளர்ப்பு என்றுதான் வரும்.

ஸ்பெயினின் கலீசியாவில் கதை இன்னொரு மாதிரி. அலை அடிக்கும் பாறைகளில் ஒட்டியிருக்கும் குஞ்சுகளை நீண்ட பிடி போட்ட இரும்புச் சுரண்டியால் சுரண்டி எடுத்து, சில நாளில் தானாகக் கரைந்துபோகும் மெல்லிய வலையால் கயிற்றில் சுற்றிக் கட்டி, மிதவையிலிருந்து தொங்கவிடுவார்கள். வலை கரைவதற்குள் குஞ்சுகள் தங்கள் நார்களால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே இப்படி ஏறக்குறைய 3,300 மிதவைகள் இருக்கின்றன, நல்ல வருடங்களில் 2 லட்சம் டன்னைத் தாண்டி விளையும். இவ்வளவும் வளர்ப்புக் கணக்கில்தான் சேர்கிறது. ஆனால் அதன் முதல் படி பெரும்பாலும் பாறையில், இயற்கையில் இருக்கிறது. குஞ்சு எடுப்பவர்களுக்கும் அதே பாறையில் பெர்செபெ எடுப்பவர்களுக்கும் (அதுவும் பாறையில் ஒட்டி வளரும் ஒரு கடலுயிரி, விலை மிக அதிகம்) நடக்கும் சண்டை கலீசியாவில் பழைய விஷயம்.

கடைசி வகையில் நீரில் மிதக்கும் லார்வாவே (ஓடு முற்றாத மிக இளம் பருவம்) கயிற்றிலோ வலையிலோ வந்து ஒட்டிக்கொள்ளும், படுகையை யாரும் தொடுவதில்லை. பிரான்சில் மரக்கம்பங்களில் வளர்க்கும் பூஷோ சிப்பிக்கு இப்படித்தான் குஞ்சு பிடிக்கிறார்கள்.

நீங்கள் எழுதப் போவது முதல் வகையைப் பற்றி மட்டுமா, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு தரவைத் தொடுங்கள். என்னைக் கேட்டால், கடலின் நிலைமையைப் பேச வேண்டுமானால் முதல் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். கடலிலிருந்து எத்தனை குஞ்சு எடுக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டு, விற்ற எடையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

தரவை எங்கே எடுப்பது

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு ஃபிஷ்ஸ்டாட் என்ற பெயரில் இலவசமாகத் தரும் தரவுத்தொகுப்பில் ஆரம்பியுங்கள். 1950லிருந்து நாடு வாரியாக, இனம் வாரியாக இருக்கிறது. அதில் பிடிப்புக்கு ஒரு தொகுப்பு, வளர்ப்புக்குத் தனியாக ஒரு தொகுப்பு. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் எடுத்தால் பின்னால் திரும்ப வர வேண்டியிருக்கும். கடல் பகுதிகளில் 27 என்பது வடகிழக்கு அட்லாண்டிக், 37 என்பது மத்தியதரைக் கடலும் கருங்கடலும். இனங்களில் மூன்று குறியீடுகளைத் தேடுங்கள்: எம்.யு.எஸ். என்றால் வடக்கே உள்ள நீல மஸ்ஸல், எம்.எஸ்.எம். என்றால் மத்தியதரைக் கடல் மஸ்ஸல், எம்.எஸ்.எக்ஸ். என்றால் இனம் பிரித்துச் சொல்லப்படாத மஸ்ஸல்.

இந்த மூன்றாவது குறியீட்டை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு நாடு ஒரு வருடம் வரை "பிரித்துச் சொல்லப்படாதது" என்று கணக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்திலிருந்து இனப்பெயர் போட்டுக் கொடுத்தால், உங்கள் கிராஃபில் ஒன்று திடீரென்று விழும், இன்னொன்று திடீரென்று எழும், கடலிலோ எதுவுமே மாறியிருக்காது. பிரான்ஸின் அட்லாண்டிக் கரை, அயர்லாந்து, இங்கிலாந்தின் தென்மேற்கு ஆகிய இடங்களில் இரண்டு இனங்களும் கலந்து கலப்பினமாகவே வாழ்கின்றன, ஓட்டைப் பார்த்து இது அது என்று சொல்வது கஷ்டம். ஆகவே போக்கைப் பார்க்க மூன்றையும் கூட்டிவிடுங்கள், இனம் வாரியான கிராஃப் போடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு யூரோஸ்டாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2008ஆம் ஆண்டின் 762ஆம் எண் ஒழுங்குமுறை, வளர்ப்புக்காக இயற்கையிலிருந்து எடுத்த உயிரிகளின் அளவையும் நாடுகள் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. நான் மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது வகைகளின் தடயம் கிடைக்கும் இடம் அதுதான், பெரும்பாலானவர்கள் அந்த அட்டவணையைத் திறந்தே பார்ப்பதில்லை. விலைக்கு யூமோஃபா என்ற ஒன்றியத்தின் சந்தைக் கண்காணிப்புத் தளம் இருக்கிறது.

கிராஃப் போடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

எடை எல்லாம் ஓட்டோடு சேர்த்த உயிர் எடை. ஓட்டுக்குள் இருக்கும் சதை இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். முட்டையிட்டு ஓய்ந்த சிப்பி மெலிந்துவிடும். நெதர்லாந்தின் யெர்செக்க ஏலத்தில் மாதிரி எடுத்துச் சதை எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் விலையே போகிறது. ஆகவே டன் கூடியது என்றால் சாப்பாடு கூடியது என்று அர்த்தமில்லை.

பிறகு, காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. காலி என்றால் தகவல் வரவில்லை என்று பொருளாக இருக்கலாம். பக்கத்தில் மதிப்பீடு என்ற குறி இருந்தால், நாடு கணக்கு அனுப்பாததால் உணவு வேளாண் அமைப்பே போட்ட எண் அது. ஐந்தாறு வருடம் ஒரே எண் அப்படியே திரும்பத் திரும்ப வந்தால் அங்கே யாரும் எண்ணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரோஸ்டாட்டில் இன்னொன்று உண்டு: ஒரு நாட்டில் இரண்டு மூன்று நிறுவனங்கள் மட்டும் இருந்தால் வணிக ரகசியம் என்று எண்ணை மறைத்துவிடுவார்கள்.

"ஐரோப்பிய ஒன்றியம்" என்ற வரியை ஒருபோதும் அப்படியே எடுக்காதீர்கள். பிரிட்டன் வெளியேறியதும் அந்தக் கூட்டுத்தொகையின் உள்ளடக்கமே மாறிவிட்டது. 27 நாடுகளா 28 நாடுகளா என்று பார்க்காமல் இரண்டு காலத் தரவை ஒட்டவைத்தால், படகே அசையாமல் அறுவடை விழுந்ததாகத் தெரியும். நார்வே எப்போதுமே அந்த வரியில் கிடையாது.

கோட்டை எந்த வருடத்தில் ஆரம்பிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மஸ்ஸல் ஒரு வருடம் கொட்டிப் பிறக்கும், அப்புறம் சில வருடம் ஒன்றும் பிறக்காது. வாடன் கடலில் (நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரையோரம் உள்ள ஆழமில்லாத கடல்) கடும் குளிர்காலத்துக்குப் பிறகு வரும் கோடையில்தான் நல்ல பிறப்பு அமைவது வழக்கம், ஏனென்றால் குஞ்சைத் தின்னும் நண்டும் இறாலும் அந்த வருடம் கரைப்பக்கம் தாமதமாகத்தான் வந்து சேரும். உச்ச வருடத்தில் ஆரம்பித்தால் எல்லாமே சரிவாகத் தெரியும், பள்ளத்தில் ஆரம்பித்தால் எல்லாமே மீட்சியாகத் தெரியும். கிடைக்கும் வருடங்கள் எல்லாவற்றையும் போடுங்கள், மேலே ஐந்து வருட நகரும் சராசரியை இன்னொரு கோடாகப் போடுங்கள், மூல எண்களையும் மங்கலாகத் தெரியும்படி விட்டுவையுங்கள்.

டென்மார்க்கை எடுத்துச் செய்து பாருங்கள்

பயிற்சிக்கு டென்மார்க்தான் சரியான நாடு. ஐரோப்பாவில் இயற்கை மஸ்ஸல் பிடிப்பில் பெரிய பங்கு அதற்குத்தான், அதனால் ஐரோப்பாவின் மொத்தக் கோடு எப்படி வளைகிறது என்பதையும் பெரும்பாலும் டென்மார்க்கே தீர்மானிக்கிறது. மொத்தத்திலிருந்து டென்மார்க்கை எடுத்துவிட்டு மறுபடி கிராஃப் போட்டுப் பாருங்கள், கோட்டின் உருவமே மாறிவிடும்.

டென்மார்க்கின் மஸ்ஸல் என்றால் முதலில் லிம்ஃபியோர்ட். ஜட்லாந்து தீபகற்பத்தின் வடக்கே மேற்கிலிருந்து கிழக்கு வரை குறுக்காக வெட்டிச் செல்லும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு, வட கடலிலிருந்து உப்புநீர் உள்ளே வரும், சுற்றியுள்ள வயல்களிலிருந்து உரச்சத்தும் வந்து சேரும். 1990களின் முதற்பாதியில் அங்கிருந்து மட்டும் வருடத்துக்கு 1 லட்சம் டன்னை ஒட்டி அள்ளினார்கள். பிறகு இறங்கியது, அந்த உயரத்தை மறுபடி தொடவில்லை.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது, அங்கேதான் இந்தப் பயிற்சியின் ருசி இருக்கிறது. வெயில் சுடும் கோடையில் காற்று நின்றுவிட்டால் மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், படுகை படுகையாகச் சிப்பி செத்துவிடும். மீனவர்கள் ஆபத்தான இடங்களிலிருந்து சிப்பியை முன்கூட்டியே எடுத்து வேறு இடத்தில் விடுவதும் உண்டு. இன்னொரு பக்கம், 1987லிருந்து டென்மார்க் நீர்ச்சூழல் திட்டங்கள் போட்டு வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குறைத்தது. தண்ணீருக்கு அது நல்லது, ஆனால் சத்து குறைந்தால் பாசி குறையும், பாசிதான் மஸ்ஸலுக்குச் சாப்பாடு. நட்சத்திரமீன்கள் பெருகும் வருடங்களில் அவையும் படுகையைக் காலிசெய்யும். இதற்கு மேல், லிம்ஃபியோர்டின் கணிசமான பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நேச்சுரா 2000 இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் வருவதால், அங்கே டிரெட்ஜ் போடுவதற்கு முன் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நீர்வளப் பிரிவு பாதிப்பு மதிப்பீடு செய்ய வேண்டும். கடற்புல் வளரும் ஆழங்களில் இழுக்கக் கூடாது. படகு எங்கே போகிறது, டிரெட்ஜை இழுக்கும் வின்ச் எப்போது ஓடுகிறது என்பதைக் கருப்புப் பெட்டி பதிவுசெய்கிறது.

இப்போது சொல்லுங்கள், 1990களிலிருந்து இறங்கிய அந்தக் கோடு எதைக் காட்டுகிறது? இறந்த சிப்பியையா, சுத்தமாகிவரும் தண்ணீரையா, இறுகிய சட்டத்தையா? மூன்றையும் காட்டுகிறது. பிரிக்க வேண்டுமானால் அறுவடை எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, படுகையில் எவ்வளவு இருக்கிறது என்ற ஆய்வு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். இருப்பும் அறுவடையும் சேர்ந்து விழுந்தால் கடலில் ஏதோ நடந்திருக்கிறது. இருப்பு நிற்கிறது, அறுவடை மட்டும் விழுகிறது என்றால் சட்டமோ சந்தையோ காரணம். இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்யாத எந்தக் கட்டுரையையும் நான் நம்புவதில்லை. டென்மார்க்கின் தேசியத் தரவு நீர்ப்பகுதி வாரியாகக் கிடைப்பதால், லிம்ஃபியோர்டைத் தனியாகவும் கிழக்கு ஜட்லாந்துக் கரையைத் தனியாகவும் பார்த்துவிடுங்கள்.

மற்ற நாடுகளில் எங்கே பார்ப்பது

நெதர்லாந்துக்குப் போனால் பிடிப்பு அட்டவணையில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும், எல்லாம் வளர்ப்பில் இருக்கும். ஆனால் அந்த வளர்ப்பின் வேர் வாடன் கடலின் குஞ்சுப் படுகைகளில் இருந்தது. 1990ஐ ஒட்டி, பிறப்பு மோசமான வருடங்களிலும் மீன்பிடிப்பு நடந்ததால், அலைத்திட்டுகளில் இருந்த மஸ்ஸல் படுகைகள் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டன. அவற்றை நம்பி வாழ்ந்த ஈடர் வாத்துகளும் சிப்பிபிடிப்பான் பறவைகளும் பட்டினி கிடந்தன. 1993இல் பறவைகளுக்கென்று உணவு ஒதுக்கும் கொள்கை வந்தது. அப்படியும் 1999-2000 குளிர்காலத்தில் 20,000க்கு மேற்பட்ட ஈடர் வாத்துகள் செத்தன. 2008 பிப்ரவரியில் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் குஞ்சு பிடிக்கும் அனுமதியை ரத்து செய்தது, அதே வருடம் அக்டோபரில் மஸ்ஸல் தொழிலும் இயற்கை அமைப்புகளும் அமைச்சகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: கடலடியிலிருந்து குஞ்சு எடுப்பதைப் படிப்படியாகக் குறைத்து, மிதக்கும் வலைகளில் லார்வாவைப் பிடித்து ஈடுசெய்வது. திட்டமிட்ட வேகத்தில் அது நடக்கவில்லை, காலக்கெடு தள்ளிப்போனது, ஆனாலும் திசை மாறவில்லை. இங்கே இயற்கைக் குஞ்சுப் பிடிப்பு குறைந்தால் அது பேசி எடுத்த முடிவின் பலன். அதைப் போய் வீழ்ச்சி என்று எழுதுவது, கஷ்டப்பட்டு அந்த மேசையில் உட்கார்ந்த இரண்டு தரப்புக்கும் செய்யும் அநியாயம்.

பிரான்ஸில் பூஷோவைத் தள்ளிவைத்துவிட்டு நார்மண்டியின் கோட்டென்டின் கிழக்குக் கரையைப் பாருங்கள். பார்ஃப்ளூர் சிப்பி என்று பெயர் பெற்ற இயற்கை மஸ்ஸல் அங்கேதான், கடலடிப் படுகைகளில் கோடையில் டிரெட்ஜ் போட்டு எடுப்பார்கள், 4 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது. படுகையை முதலில் ஆய்வு செய்து, அதைப் பொறுத்துத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பார்கள். நல்ல வருடமும் வெறும் வருடமும் மாறி மாறி வரும், ஆகவே இங்கே ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட்டு "இத்தனை சதவீதம் சரிவு" என்று எழுதுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அயர்லாந்தில் அரசியலையும் படிக்க வேண்டும். ஐரிஷ் கடலின் குஞ்சுப் படுகைகளுக்கு வட அயர்லாந்துப் படகுகளும் வந்துபோவது வெகுகாலப் பழக்கம், எழுதாத ஏற்பாடு. 2016இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது, 2019இல் சட்டம் திருத்தி அனுமதித்தார்கள். இந்த இடைவெளியில் எண்கள் ஆடினால் அது சிப்பியின் குற்றமில்லை.

பிரிட்டனில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள வாஷ் விரிகுடாவில் 2010ஐ ஒட்டி மஸ்ஸல்கள் செத்து மடியத் தொடங்கின, அங்கே இருப்பே விழுந்தது. மெனாய் நீரிணையின் பிரச்சினை வேறு: 2021 ஜனவரியிலிருந்து, பி வகுப்பு நீரில் (நேராகச் சாப்பிடும் அளவுக்குச் சுத்தமில்லாத நீர்) விளைந்த சிப்பியைச் சுத்திகரிக்காமல் உயிரோடு ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்ய முடியாமல் போனது. தண்ணீர் அதே தண்ணீர், சந்தைதான் மூடிக்கொண்டது. கிராஃபில் இரண்டும் ஒரே மாதிரிச் சரிவாகத் தெரிவதால்தான் நாட்டின் மொத்த எண்ணோடு நிற்காமல் விரிகுடா அளவுக்கு இறங்க வேண்டும் என்கிறேன்.

இத்தாலியில் அங்கோனா அருகே கோனெரோ மலையடிப் பாறைகளில் மோஷோலோ என்று கூப்பிடும் இயற்கை மஸ்ஸல் உண்டு, ஸ்லோ ஃபுட் அமைப்பு பாதுகாக்க வேண்டிய உணவாக அதைச் சேர்த்திருக்கிறது. ராவென்னாவுக்கு எதிரே எரிவாயு மேடைகளின் இரும்புத் தூண்களில் தானாக வளர்வதை முக்குளிப்பவர்கள் சுரண்டி எடுக்கிறார்கள். அதையும் இயற்கை என்றுதான் விற்கிறார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது, யாரும் விதைக்கவில்லையே. ஆனால் மேடையைப் பிரித்தெடுத்தால் அந்த அறுவடையும் போய்விடும், அப்போது கோடு விழுவதற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது. டேட் மஸ்ஸல் என்று இன்னொன்று உண்டு, சுண்ணாம்புப் பாறைக்குள் துளைத்து வாழ்வது, எடுக்க வேண்டுமானால் பாறையையே உடைக்க வேண்டும். மத்தியதரைக் கடலில் அதைப் பிடிக்க ஒன்றியம் தடை போட்டிருக்கிறது, இத்தாலி அதற்கு முன்பே தடைசெய்துவிட்டது. அது எங்காவது விற்பனைக்கு வந்தால் திருட்டு அறுவடைதான், உங்கள் கணக்கில் அதைக் கலக்காதீர்கள்.

கருங்கடல் பக்கம் ரப்பானா என்ற வேட்டைச் சங்கைப் பற்றித் தெரியாமல் எதுவும் புரியாது. ஜப்பான் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த இந்தச் சங்கு 1940களில் கருங்கடலில் தென்பட்டது, பிறகு சிப்பிப் படுகைகளைத் தின்று தீர்த்தது. பல்கேரியாவில் இன்று அந்தச் சங்கையே பிடித்து ஏற்றுமதி செய்கிறார்கள், அதற்காகக் கடலடியில் இழுக்கும் வலை மிச்சமிருக்கும் மஸ்ஸலையும் பெயர்க்கிறது.

நச்சுக்காக மூடிய நாட்களைக் கணக்கில் எடுங்கள்

மஸ்ஸல் நச்சுப் பாசியையும் தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது, சாப்பிடுகிற நமக்குத்தான் ஆபத்து. முடக்குவாத நச்சு கிலோவுக்கு 800 மைக்ரோகிராம், வயிற்றுப்போக்கு தரும் ஒக்கடாயிக் அமில வகை 160 மைக்ரோகிராம் என்று ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. தாண்டினால் அந்தப் பகுதி மூடப்படும், சில நேரம் வாரக்கணக்கில், சில நேரம் சீசன் முழுக்க. 1995இல் நெதர்லாந்தில் சாப்பிட்டவர்கள் நோயுற்று, அயர்லாந்தின் கில்லரி துறைமுகத்திலிருந்து வந்த மஸ்ஸலில் அதுவரை யாரும் அறியாத ஒரு நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு அசாஸ்பிராசிட் என்று பெயர் வைத்து, அதற்கும் வரம்பு வந்தது. சோதனை கூடக்கூட மூடும் நாட்களும் கூடலாம், அறுவடை குறையலாம். ஒவ்வொரு நாட்டின் உணவுப் பாதுகாப்புத் துறையும் மூடிய பகுதிகளின் பட்டியலை வெளியிடுகிறது. உங்கள் கிராஃபில் விழுந்த வருடங்களுக்கு மட்டுமாவது அதைப் பாருங்கள்.

எண்ணில் வராதது

நார்வேயிலும் ஸ்வீடனின் மேற்குக் கரையிலும் குழந்தைகள் கரையோரம் பறித்து விளையாடிய நீல மஸ்ஸல் முன்பு இருந்த இடங்களில் இப்போது இல்லை என்று சில ஆண்டுகளாகக் கரைவாசிகளும் ஆய்வாளர்களும் சொல்லிவருகிறார்கள். அட்டவணையைத் திறந்து பாருங்கள், அங்கே எந்தச் சரிவும் தெரியாது. வணிக அறுவடை அங்கே சிறியது, குடும்பத்தோடு போய் வாளியில் பறித்து வருவதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதுவதில்லை. பிரான்ஸின் கரைகளில் கால்நடையாகப் போய்ப் பறிப்பவர்களின் சிப்பியும் அப்படித்தான், உரிமம் வைத்துத் தொழிலாகச் செய்பவர்களுடையது கணக்கில் வரும், விடுமுறைக்கு வந்தவர்களுடையது வராது. ஆகவே அறுவடை எண் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்தப் பகுதிதான். சட்டம் போட்டுக் குறைத்ததைத் திரும்பக் கூட்டலாம், எண்ணாமலே மறைந்துபோனதை எங்கிருந்து தேடுவது?

எழுதும்போது

"ஐரோப்பாவில் இயற்கை மஸ்ஸல் அறுவடை பாதியாகிவிட்டது" மாதிரி வாக்கியம் எழுத வந்தால் நிறுத்தி, அதை மூன்றாக உடையுங்கள்: எந்த நீர்ப்பரப்பு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த வகை அறுவடை. பக்கத்திலேயே இருப்பு என்ன ஆனது என்று ஒரு வரி. இருப்புத் தரவு கிடைக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுங்கள், அது குறையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த மஸ்ஸல் உற்பத்தி 1990களின் இறுதியில் 6 லட்சம் டன்னைத் தாண்டியிருந்து, 2016இல் 4.8 லட்சம் டன்னாக இருந்தது என்பதையும் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அதில் பெரும்பகுதி வளர்ப்பு, அதை இயற்கை அறுவடைக்குச் சான்றாகத் தூக்கிவைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, தரவை எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவையுங்கள். உணவு வேளாண் அமைப்பு புதிய வருடத்தைச் சேர்க்கும்போது பழைய வருடங்களையும் திருத்தும், மதிப்பீடாக இருந்தது உண்மை எண்ணாக மாறும். அடுத்த முறை புது வருடத்தை மட்டும் பழைய கோப்பின் வாலில் ஒட்டாமல், முழுவதையும் புதிதாக இறக்கிக் கோட்டை முதலிலிருந்து போடுங்கள்.